இழுக்குதுன்னா மூச்சு இல்ல

ஆம்பூர்
4.2.2001

ஜெனிஃபா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி, ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. உங்கள் சுகம் எனக்குத் தெரியாது. போன மாதம் நீங்கள் எழுதவே இல்லை.

இங்கே ஒரு புதுச் சங்கதி. கம்பெனியில் எனக்குப் பதவி கொடுத்திருக்கிறார்கள்! கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் நாங்கள் ஷூ தைக்கிற இடத்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, யாராவது மயங்கி விழுந்தால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்டாராம். மேனேஜர் திருதிருவென்று முழித்திருக்கிறார். மறுவாரமே முதலுதவிக்கு என்று ஒவ்வொரு தையல் லைனுக்கும் ஒருத்தரைப் பொறுக்கினார்கள். எங்கள் சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்து, "ஜெயபுஷ்பம், உனக்குதான் வாய் ஜாஸ்தி, நீ போ" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் குறை சொன்ன வாய்க்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.

வேலூரிலிருந்து கேத்தரின் சிஸ்டர் என்று ஒரு நர்ஸ் வந்தார்கள். கூடவே ரப்பர் பொம்மை ஒன்று, இடுப்பு வரைக்கும்தான். அதன் நெஞ்சை அமுக்கணும், வாயில் வாய் வைத்து ஊதணும். ஒருத்திகூட முன்னால் வரவில்லை. எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பு. அடுத்த லைன் நசீமுன்னிசா எழுந்து, "சிஸ்டர், இது ஆம்பள பொம்மையா, பொம்பள பொம்மையா? அத மொதல்ல சொல்லிடுங்க" என்றாள். "மூச்சு நின்ன பொம்மைம்மா" என்றார்கள் சிஸ்டர். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்புறம் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "இழுப்பு இழுப்புன்றீங்களே, எதுக்கெல்லாம் அப்படிச் சொல்வீங்க?" பனிக்காலத்தில் மாமியாருக்கு வருவது இழுப்பு என்றாள் ஒருத்தி. கை கால் வெட்டிக்கொண்டு நுரை தள்ளினால் இழுப்பு என்றாள் இன்னொருத்தி. சாகக் கிடப்பவரையும் இழுத்துக்கினு கிடக்கிறார் என்றுதானே சொல்கிறோம் என்று நான் சொன்னேன். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாரடைத்து இதயம் நின்றவனுக்கும் கொஞ்ச நேரம் கை கால் வெட்டுமாம். தொண்டையில் குறட்டை மாதிரி சத்தம் வருமாம். நாம் அதை வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு, மூச்சு இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நிற்கிறோமாம். "இழுக்குதுன்னா மூச்சு இல்ல. எல்லாரும் சொல்லுங்க" என்றார்கள். ஞாயிறுப் பள்ளியில் வசனம் சொல்கிற மாதிரி கோரஸாகச் சொன்னோம்.

முதலில் வாய் வைத்தது நான்தான். பொம்மை முழுக்க டெட்டால் நாற்றம்.

பதில் போடுங்கள்.

ஜெயபுஷ்பம்

-

தம்மாம்
20.2.2001

அன்புள்ள புஷ்பம்,

கடிதம் கிடைத்தது. ரூமில் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்துக் கட்டில் ரஷீத் அஹமது, பேரணாம்பட்டுக்காரன், "இன்னா தோஸ்த், வீட்ல விசேஷமா?" என்று கேட்டான். என் பெண்டாட்டி பொம்மைக்கு முத்தம் கொடுத்தாளாம் என்றேன். கொடுத்து வைத்த பொம்மை என்றான் அவன்.

இங்கே சவுதியில் வேலைக்குக் குறைவில்லை. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறோம், எங்கள் ரூம் ஏசி ஓடவில்லை. நான் எழுதவில்லை என்று கோபப்படாதே. எழுத உட்கார்ந்தால் ஊர் ஞாபகம் வந்து பேஜாராகிவிடுகிறது, பேனாவை மூடிவிடுகிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவு தருவதாகச் சொல்கிறார்கள். மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறார்கள். ஜெனிஃபாவுக்கு என் முத்தம். நீ பொம்மையோடு நிறுத்திக்கொள், ஆமாம்!

ஐசக்

-

தம்மாம்
12.4.2001

புஷ்பம்,

தம்பி டேனியலிடமிருந்து கடிதம் வந்தது. உன்னிடமிருந்து வரவில்லை.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சின்னசாமிக்கு வலிப்பு வந்ததாம். ஆண்கள் சுற்றி நின்று இரும்பைக் கையில் கொடுத்து அமுக்கிப் பிடித்திருந்தார்களாம். மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டுதான் இருந்ததாம். நீ போய் என் தம்பியைத் தள்ளிவிட்டு நடு ரோட்டில் உட்கார்ந்து அந்த ஆள் வாயில் வாய் வைத்தாயாம். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. பஸ் டிரைவர்கள் முதற்கொண்டு எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். டீக்கடையில் என் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று டேனியல் எழுதியிருக்கிறான். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கோயிலுக்கே போகவில்லையாம்.

மூச்சு இருக்கிற ஆளுக்கு எதற்கு மூச்சு? இதற்கு மட்டும் நீ பதில் சொல்.

நான் விளையாட்டாகத்தான் எழுதினேன், பொம்மையோடு நிறுத்திக்கொள் என்று. இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் விட ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ எனக்கு எழுதவில்லையே, ஏன்? மனசில் தப்பில்லை என்றால் அன்றைக்கே எழுதியிருப்பாய். அம்மாவின் முட்டி வலியை எல்லாம் எழுதுகிறவள்தானே நீ.

ஐசக்

-

ஆம்பூர்
24.4.2001

ஜெனிஃபா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். பிறகு, பதில் எழுத வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். உங்கள் தம்பி எழுதியது பாதி. மீதியை நான் எழுதுகிறேன்.

ஷிஃப்ட் விட்டு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். "பாத்துப் போங்கம்மா" என்று தினமும் சொல்லி கேட்டைத் திறந்துவிடுகிற சின்னசாமி, அன்றைக்கு "பாத்து" என்றதோடு சரிந்துவிட்டார். கை வெட்டி வெட்டி இழுத்தது. தொண்டையில் கர்கர் என்று சத்தம். "இழுப்பு, இழுப்பு" என்று எல்லோரும் கத்தினார்கள். உங்கள் தம்பி தன் பைக் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் புடிங்கப்பா, இரும்பு பட்டா தெளிஞ்சிடும்" என்று பெரிய டாக்டர் மாதிரி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

நான் தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நெஞ்சைப் பார்த்தேன், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கழுத்தில் விரல் வைத்தேன், ஒரு துடிப்பு இல்லை. தொண்டை மட்டும் விட்டு விட்டு ஒரு சத்தம் போட்டது.

"டேனியல், தள்ளு."

"இன்னா அண்ணி, மூச்சு இழுத்துகினுதான கீது?"

"இழுக்குதுன்னா மூச்சு இல்லடா!"

அவன் நகரவில்லை. தள்ளினேன். ரோட்டோரச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான், பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதை அவன் உங்களுக்கு எழுதினானா? அவன் கோபமெல்லாம் அந்தச் சேற்றுக்குத்தான்.

நசீமுன்னிசா புர்கா கையை மேலே சுருட்டிவிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். அவள் அமுக்குவாள், நான் ஊதுவேன். இப்போது நீங்கள் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். அந்த வாய் எப்படி இருந்தது தெரியுமா? பீடி. புளித்த டீ. ஊதினதும் அவர் வயிற்றில் இருந்தது என் வாய்க்கு வந்தது. அந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தேன், புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தேன். இதுதான் டீக்கடைக்காரர்கள் பார்த்த முத்தம். முத்தமாம் முத்தம்! நாக்கில் நரம்பில்லாதவர்கள்.

கம்பெனி வேன் வந்தது. வேனுக்குள்ளேயும் விடவில்லை, நர்சிங் ஹோம் வரை நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் செய்துகொண்டே போனோம். அங்கே மெஷினால் நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. திரையில் கோடு ஏறி இறங்க ஆரம்பித்ததும் நசீமுன்னிசா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சின்னசாமி கண் திறந்தார், பேசினார். ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் இதயம் நின்றுவிட்டது. அந்த முறை மெஷினாலும் முடியவில்லை. போய்விட்டார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வாய் ஞாபகம் வந்து குமட்டியது. ரொம்ப நாள் சோறே இறங்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் உங்கள் மடியில் தலை வைத்து அழுதிருப்பேன். பேப்பரில் எப்படி அழுவது?

ஜெயபுஷ்பம்

-

தம்மாம்
10.5.2001

புஷ்பம்,

நீ எழுதியதைப் படித்தேன். உன் பக்கம் நியாயம் இருக்கலாம். டேனியல் சேற்றில் விழுந்ததை எழுதவில்லைதான்.

ஆனால் கடைசியில் என்ன ஆயிற்று? அந்த ஆள் செத்துத்தானே போனான். அவ்வளவு பேர் எதிரில் நீ செய்ததற்கு என்ன மிச்சம்? உன் பெயர் கெட்டதுதான் மிச்சம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு யார் யாருக்குப் பதில் சொல்வேன்? உனக்கு என்ன, நீ பேசிவிடுவாய். எனக்குப் பேச வராது.

அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர்கள் விடவில்லை என்றால் வேலையை விட்டு நில். நான் சம்பாதிப்பது நமக்குப் போதும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

ஐசக்

-

ஆம்பூர்
2.6.2001

ஜெனிஃபா அப்பாவுக்கு,

பட்டையைக் கழற்ற மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். நீங்கள் கடிதத்தின் கடைசி வரை தேட வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை சின்னசாமியின் சம்சாரம் அமிர்தவள்ளி நம் வீட்டுக்கு வந்தார்கள். சொந்த ஊரான கலவையிலிருந்து கம்பெனிக்கு அவர் சாமான்களை எடுக்க வந்தவர்கள், வழி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாசலில் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வந்தவர்கள் கீழேயே உட்கார்ந்தார்கள். "நீதான் அந்தப் பொண்ணா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

"ஆள் வந்து சொன்னப்போ, செத்துட்டதத்தான் மூடி மூடிச் சொல்றான்னு நெனச்சேன். ஆற்காட்டுல மாறி, வேலூர்ல மாறி, பஸ்ஸு பூரா அழுதுகினே வந்தேன். வந்து பார்த்தா கட்டில்ல சாஞ்சிகினு, 'இன்னாடி இவ்ளோ லேட்டு'ன்றாரு."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். பிறகு அவர் இருந்த நாளெல்லாம் இவர்கள் கூடவே இருந்தார்களாம். கஞ்சி ஊட்டினார்களாம், பெரிய மகள் கல்யாணத்தைப் பற்றிச் சண்டை கூடப் போட்டார்களாம். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவ்வளவு பேசினோம் என்றார்கள். அவர் இங்கேயும் இவர்கள் கலவையிலும் இருந்துதானே குடும்பம் ஓடியது.

"எங்க ஊர்லயும் கேட்டாளுங்க, உன் புருஷன் வாயில எவளோ வாய் வெச்சாளாமேன்னு. வெச்சாடி, அதனாலதான் எங்கிட்ட பேசினாரு, உனக்கு இன்னா பேஜாருன்னு கேட்டுட்டேன்."

உங்கள் அம்மா கதவைத் திறந்தார்கள். டீ போட்டுக் கொண்டுவந்து அவர்களிடம் கொடுத்தார்கள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள், அவர்களும் அப்படியே குடித்தார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த வெயிலில் மொட்டை மாடியில் ஏறி ஏசி மாட்டுகிறீர்களே, நீங்கள் விழுந்தால் அங்கே யார் இருக்கிறார்கள்? நான் ஓடிவர முடியுமா? அரபிக்காரியோ பிலிப்பைன்காரியோ, எவளாவது ஒருத்தி குனிந்து உங்கள் வாயில் வாய் வைத்தால், அவள் இருக்கிற திசைக்குக் கும்பிடு போடுவேன். அவள் புருஷன் அதற்காக அவளைத் திட்டினால், அங்கேயே வந்து அவனைக் கேட்பேன். அப்படி ஒருத்தியும் இல்லாமல், சாவியைக் கையில் திணித்து வேடிக்கை பார்த்துவிட்டு, உங்களைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள் என்றால் நான் யார் சட்டையைப் பிடிப்பது?

இதற்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

ஜெயபுஷ்பம்

-

தம்மாம்
9.7.2001

அன்புள்ள புஷ்பம்,

பதில் தெரியாததால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. மாடியில் வேலை செய்யும்போதெல்லாம் நீ கேட்டதுதான் காதில் கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் ரூமில் இருந்தபோது கேட்டுவிட்டேன். "நான் இங்க விழுந்தா இன்னா பண்ணுவீங்க?" கொல்லத்துக்காரர் கையில் இரும்பு கொடுப்பேன் என்றார். பீகார்ப் பையன் மூக்கில் ஷூவை வைப்பேன் என்றான். அவர்கள் ஊர் வழக்கம் அப்படியாம். ஆம்பூர் ஷூவா இருந்தா வையுடா என்றேன், எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல், யாரும் தொடக் கூடாது, தொட்டால் போலீஸ் கேஸ் நம் மேல் வரும் என்றார்.

அப்போது ரஷீத் என்னைப் பார்த்து, "அதெல்லாம் வுடு தோஸ்த். நான் வுழுந்தா நீ இன்னா பண்ணுவ?" என்றான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறவன் அவன்தான். அவன் விழுந்தால் நான் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான் தெரியும் எனக்கு. நான் உன் கடிதத்தை எடுத்து, சின்னசாமி விழுந்ததைப் பற்றி நீ முன்னால் எழுதியதையும் எடுத்து, எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ரஷீத் இந்தியில் சொன்னான்.

இன்னொன்று. இதை எழுதக் கை கூசுகிறது. என் கோபம் ஊர் பேசியதற்கு இல்லை. அம்மா கோயிலுக்குப் போகாததற்கும் இல்லை. இங்கே வந்து உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேன். பக்கத்தில் படுத்திருக்கும்போது உன் மூச்சு எப்படிக் கேட்கும் என்பதே மறந்துகொண்டு வருகிறது. அந்த மூச்சு யாருக்கோ கிடைத்தது என்று டேனியல் எழுதினான். செத்துக்கொண்டிருந்த மனுஷன் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது, புஷ்பம். வேறொன்றுமில்லை. டேனியலுக்குச் சொல்லிவிடாதே.

எப்படிச் செய்வது என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது.

ஐசக்

-

ஆம்பூர்
22.7.2001

ஜெனிஃபா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் பொறாமையை டேனியலிடம் சொல்லவில்லை. நசீமுன்னிசாவிடம் மட்டும் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் லைன் நின்றுபோய்விட்டது.

இனி சொல்வதைச் சத்தமாகப் படியுங்கள், ரஷீத் அண்ணனை அங்கங்கே நிறுத்தி இந்தியில் சொல்லச் சொல்லுங்கள்.

விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கவில்லை என்றால் அங்கிருந்துதான் வேலை ஆரம்பம். தொண்டையில் சத்தம் வந்தாலும் நம்பாதீர்கள். இழுக்குதுன்னா மூச்சு இல்ல. பீகார் இந்தியில் இதற்கு என்ன சொல்வார்களோ, ரஷீத் அண்ணன் யோசித்துச் சரியாகச் சொல்லட்டும், இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒருத்தர் ஆம்புலன்சுக்கு போன் பண்ண வேண்டும். நம்பரை இப்போதே விசாரித்துச் சுவரில் எழுதிவையுங்கள். சட்டையை விலக்கி, நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் வேகமாக அமுக்க வேண்டும். எலும்பு உடைந்துவிடுமோ என்று தயங்காதீர்கள், எலும்பு கூடிவிடும். கை அசந்தால் அடுத்தவர் அமுக்கட்டும், நிறுத்த மட்டும் கூடாது. நடுநடுவே தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து இரண்டு முறை ஊத வேண்டும். அந்த மெஷின் வந்து சேருகிற வரைக்கும் உங்கள் கைதான் மெஷின்.

ஆணுக்கு ஆண் வாய் வைக்கக் கூசினால் என்ன செய்வது என்று கேத்தரின் சிஸ்டரைக் கேட்டேன். ஊத முடியாவிட்டால் நெஞ்சையாவது விடாமல் அமுக்கட்டும், ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல் என்றார்கள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் உனக்கு இவ்வளவு பேச்சு வந்திருக்காதே என்று உங்கள் அம்மா கேட்டார்கள். சொல்லியிருந்தாலும் நான் வாய் வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

தலையணையை வைத்துப் பழகுங்கள். உயிரோடிருக்கிறவன் நெஞ்சில் பழகக் கூடாது. பீகார்ப் பையன், கொல்லத்துக்காரர், அந்த மேஸ்திரி, ஒருத்தரையும் விடாதீர்கள். நீங்கள் மட்டும் கற்றுக்கொண்டு எனக்குப் பிரயோஜனம் இல்லை. உங்களுக்கு நீங்களே செய்துகொள்ள முடியாது. விழுவது நீங்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதியிருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வேலையை விடு என்று எழுதினீர்களே, அது உள்ளே அப்படியே இருக்கிறது. அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். அதற்காகவாவது உயிரோடு வந்து சேருங்கள்.

ஜெயபுஷ்பம்